தானே சரியாகிவிடும் லிங்க்: ரங்கூன் உளுந்துக் கிடங்கில் ஒரு ஸ்விட்ச் மாற்றிய கதை

மார்ச் மாதத்தில் ரங்கூன் பயின்னாங் சந்தைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், உளுந்து லாரிகளின் வரிசை விடிவதற்குள் மெயின் ரோட்டைத் தொட்டுவிடும். இந்தியா வெளியிலிருந்து வாங்கும் உளுந்தில் பெரும்பங்கு பர்மா உளுந்துதான். அதை வாங்கிச் சலித்து, மூட்டை பிடித்து, துறைமுகத்துக்கு அனுப்பும் கிடங்குகள் அந்தப் பக்கம் நிறைய. அதில் ஒன்றில் ஒரு சீசனில் நடந்தது இது. அங்கே கம்ப்யூட்டர் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது நான். முதலாளி நம்மவர், பெயர் வேண்டாம். கணக்குப்பிள்ளை ஐயா மூன்றாம் தலைமுறை ரங்கூன்காரர். எதையும் நீள நோட்டில் ஒரு முறை தமிழில் எழுதாமல் கம்ப்யூட்டரில் ஏற்ற மாட்டார். கடைசியில் எங்களுக்கு வழிகாட்டியது அந்த நோட்டுதான்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைக் கேபிளால் இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்று, கேபிள் சொருக 24 போர்ட். அங்கிருந்து வாசல் பக்கத்து எடைமேடை அறைக்கு ஒரே ஒரு கேபிள், சுவரோரமாக பிவிசி குழாய்க்குள் 50 மீட்டருக்குக் கொஞ்சம் மேல் போகிறது. போகிற வழியில் சலிப்பு மில்: கல் பிரிக்க ஒரு மோட்டார், தூசி ஊத ஒன்று, சல்லடைக்கு இரண்டு. எடைமேடை அறையில் ஐந்து போர்ட் சின்ன ஸ்விட்ச், அதில் ஒரு கம்ப்யூட்டர், இரண்டு கேமரா. லாரி மேடையில் ஏறியதும் எடையும் நம்பர் பிளேட் படமும் அலுவலகத்துக்கு வரும். ஐயா பார்த்து ஒப்புதல் கொடுத்தால்தான் அங்கே சீட்டு அச்சாகும். லிங்க், அதாவது அந்தக் கேபிள் வழி இணைப்பு, போனால் லாரி மேடையிலேயே நிற்கும். பின்னால் நிற்கிறவர்கள் ஹாரனிலிருந்து கையை எடுக்க மாட்டார்கள்.

கரண்ட் விஷயமும் சொல்ல வேண்டும். மின்வெட்டு இல்லாத நாள் கிடையாது. வெட்டு வந்தால் ஜெனரேட்டர். அது அலுவலகத்தையும் எடைமேடையையும் விளக்குகளையும் தாங்கும், மில்லைத் தாங்காது. அலுவலக ஸ்விட்சுக்கு யுபிஎஸ் உண்டு. எடைமேடை அறையின் சின்ன ஸ்விட்சுக்கு இல்லை. மெயினிலிருந்து ஜெனரேட்டருக்கும், ஜெனரேட்டரிலிருந்து மெயினுக்கும் மாறும் ஒவ்வொரு தடவையும் அது செத்துப் பிழைக்கும்.

பழைய ஸ்விட்ச் 10/100 ரகம், அதாவது வினாடிக்கு 100 மெகாபிட் வரைதான்; பத்து வருடத்துக்கு மேல் உழைத்தது. ஒரு ராத்திரி கரண்ட் திரும்பி வந்த வேகத்தில் அதன் பவர் சப்ளை கருகிவிட்டது. சனிக்கிழமை சொன்னார்கள், ஞாயிற்றுக்கிழமை நானும் என்னுடைய உதவிப் பையனும் போய் கிகாபிட் (1000 மெகாபிட்) ஸ்விட்ச் ஒன்றை மாட்டினோம். எல்லா இடத்துக்கும் பிங் போட்டு, பதில் வருகிறதா என்று பார்த்தோம், ஒன்றுகூட விழவில்லை. எடைமேடை போர்ட்டின் விளக்கு 1000 என்று காட்டியது. 'பத்து மடங்கு வேகம்' என்று முதலாளியிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு, பக்கத்து டீக்கடையில் மொய்ங்கா (பர்மா மீன் குழம்பு நூடுல்ஸ்) சாப்பிட்டு வீடு திரும்பினோம். ஞாயிறன்று மில் ஓடாது. அது எனக்கு அன்று தோன்றவே இல்லை.

திங்கள் முதல் புதன் வரை

திங்கட்கிழமை காலை 8.50க்கு ஐயா கூப்பிட்டார்.

"தம்பி, எடைமேடை வருது, போகுது. வருது, போகுது. நான் என்ன பண்ண?"

"கொஞ்சம் பொறுங்க ஐயா, வந்துட்டேன்."

டவுனிலிருந்து பயின்னாங் போக அந்த நேரத்தில் ஒரு மணி நேரம் ஆகும். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. இருந்தாலும் வந்ததற்கு ஏதாவது செய்ய வேண்டுமே. பேட்ச் கார்டை (ஸ்விட்சில் சொருகும் குட்டிக் கேபிள்) மாற்றினேன். மாலை வரை பிரச்சினை இல்லை என்று ஐயா சொன்னார். ஆக, பேட்ச் கார்டுதான் குற்றவாளி என்று எழுதி வைத்தேன்.

செவ்வாய் காலை மறுபடியும் அதே கதை. இந்த முறை போர்ட்டை மாற்றினேன், 11லிருந்து 23க்கு. சரியாகிவிட்டது. மதியம் 1.50 வாக்கில் மறுபடி போனது. நான் கிளம்புவதற்குள் தானே வந்தது. புதன்கிழமை, புது ஸ்விட்சே பழுது என்று முடிவு கட்டி, கடையிலிருந்து அதே மாடலில் இன்னொன்றை வாங்கி மாட்டினேன். மாட்டியதும் சரி. வியாழன் காலை போச்சு. அதற்குள் எடைமேடையில் இருக்கும் பர்மியப் பையன் எனக்கு முன்பே ஒரு வைத்தியம் கண்டுபிடித்திருந்தான்: "ஸயா (ஐயா), ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் வந்துவிடுகிறது." உண்மைதான், வந்துகொண்டுதான் இருந்தது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். தானே சரியாகும் பழுது போல ஆளை ஏமாற்றுவது வேறில்லை. நான் செய்த ஒவ்வொன்றும் 'வேலை செய்தது'. பேட்ச் கார்டு, போர்ட், புது ஸ்விட்ச், ஆஃப்-ஆன் நான்குக்கும் பலன் கிடைத்தது. பனை மரத்தில் காக்கை உட்கார்ந்ததும் பழம் விழுந்தால் காக்கைக்குப் பேர் போகும் இல்லையா, அப்படி.

இதற்கிடையில் லிங்க் இல்லாத நேரத்தில் பையன் கையால் சீட்டு எழுதினான், அதுவும் வீசையில். பர்மா வீசை சுமார் 1.63 கிலோ. பெயர் நம்முடையதுதான், ஆனால் பழைய சென்னை வீசை 1.4 கிலோ, கடல் கடந்ததில் கனத்துவிட்டது. ராத்திரி உட்கார்ந்து ஐயா அத்தனையையும் டன்னுக்கு மாற்றினார். அவர் கோபம் அப்போதுதான் தொடங்கியது.

எலி, காவலாளி, ஆறரை மணி நேரம்

வியாழக்கிழமைதான் ஸ்விட்சின் லாக்கை, அது நடந்ததையெல்லாம் நேரத்தோடு எழுதி வைக்கும் பதிவை, திறந்தேன். முதல் நாளே திறந்திருக்க வேண்டும். போர்ட் விழுவதும் எழுவதுமாகச் சரம் சரமாக இருந்தது, ஆனால் நேரம் ராத்திரி 2.14 முதல் 2.31 வரை! அடுத்த கொத்து காலை 7.15. ராத்திரி இரண்டு மணிக்கு யார் இருக்கிறார்கள்? எலிதான் என்றான் என் உதவிப் பையன். உளுந்துக் கிடங்கில் எலிக்குப் பஞ்சமா? நானும் தலையாட்டிவிட்டு, காவலாளியிடம் போய் ராத்திரி அந்தப் பக்கம் யாராவது எதையாவது தொடுகிறார்களா என்று கேட்டேன். தூங்கிவிட்டதாகச் சந்தேகப்படுகிறேன் என்று நினைத்து அவர் இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் ஐயாவின் மேஜையில் நோட்டு திறந்து கிடந்தது. டீசல் கணக்குக்காக அவர் எழுதுவது. வியாழனுக்கான பக்கம் இப்படி இருந்தது:

8.40 மில்
11.05 கரண்ட் போச்சு
11.12 ஜெனரேட்டர்
1.30 கரண்ட்
1.45 மில்

மதியம் 1.45க்கும் காலை 7.15க்கும் நடுவே ஆறரை மணி நேரம். காலை 8.44க்கும் ராத்திரி 2.14க்கும் நடுவேயும் அதே ஆறரை. பர்மாவின் நேரம் உலகப் பொது நேரத்துக்கு ஆறரை மணி முன்னால், இந்தியாவுக்கு ஒரு மணி முன்னால். ஸ்விட்ச் இன்டர்நெட்டிலிருந்து நேரத்தைச் சரியாக எடுத்துக்கொண்டிருந்தது. ரங்கூன் என்று இடத்தைச் சொல்லத்தான் நான் மறந்திருந்தேன். காவலாளியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். எலிகளிடம் கேட்கவில்லை.

நேரத்தைத் திருத்திப் பார்த்தால், லிங்க் ஆடத் தொடங்குவது ஒவ்வொரு தடவையும் மில் ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில். அதுவரை எல்லோரும் ஜெனரேட்டரைத் திட்டிக்கொண்டிருந்தோம். ஜெனரேட்டர் ஓடிய இரண்டேகால் மணி நேரத்தில் ஒரு தடவைகூட லிங்க் விழவில்லை.

சரி, மோட்டார்களின் மின்னிரைச்சல் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் மில் நாள் முழுக்க ஓடுகிறது. லிங்கோ கால் மணி, அரை மணி ஆடிவிட்டு அடங்கிவிடுகிறது. அடங்குவது ஏன்? அதே மோட்டார், அதே குழாய், அதே கேபிள்தானே?

வெள்ளிக்கிழமை செய்த தவறு

விடை லாக்கிலேயே இருந்தது, வரியின் கடைசியில். நான் நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு மீதியைப் படிக்காமல் விட்டிருந்தேன். திருத்திய நேரத்தில் எழுதுகிறேன்:

8:44:07 போர்ட் 23 டவுன்
8:44:11 போர்ட் 23 அப், 1000
8:44:52 போர்ட் 23 டவுன்
8:44:56 போர்ட் 23 அப், 1000

இப்படியே போய்க் கடைசியில்:

9:01:40 போர்ட் 23 அப், 100

அதற்குப் பிறகு மதியம் வரை ஒன்றுமில்லை. மதியக் கொத்தும் 1000 என்று ஆடி 100 என்று முடிந்திருந்தது. எல்லாக் கொத்தும் அப்படியே.

கிகாபிட்டில் எழுந்தால் தள்ளாடுகிறது. 100க்கு இறங்கினால் கல் மாதிரி நிற்கிறது. இந்த ஸ்விட்சில், கிகாபிட்டில் கைகுலுக்கப் பார்த்து தொடர்ந்து சில தடவை தோற்றால் தானே 100க்கு இறங்கிவிடும் வசதி உண்டு. இறங்கிய லிங்க் அறுந்து மறுபடி எழும்வரை அங்கேயே இருக்கும். எடைமேடை ஸ்விட்ச் செத்துப் பிழைத்தால் மறுபடி 1000லிருந்து ஆரம்பம். காலையில் பையன் அறையைத் திறக்கும்போது மில் ஓடாது; அமைதியில் லிங்க் 1000த்தில் எழுந்துவிடும். கரண்ட் திரும்பி வரும்போதும் அப்படியே, மில்லை ஓட்டக் கால் மணி ஆகுமே. மில் ஓடியதும் தள்ளாட்டம். மில் ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது ஆஃப்-ஆன் செய்தால் அந்த இரைச்சலில் 1000த்தில் எழவே முடியாமல் நேராக 100க்குப் போய் உட்காரும். பையனின் வைத்தியமும், பேட்ச் கார்டும், போர்ட்டும், புது ஸ்விட்சும் பலித்தது இதனால்தான். எல்லாமே மில் ஓடும்போது செய்தவை.

இதைப் புரிந்துகொண்ட சந்தோஷத்தில் அவசரப்பட்டேன். போர்ட்டை 100 ஃபுல் டூப்ளக்ஸ், அதாவது வேகம் 100, இரு திசையிலும் ஒரே நேரத்தில் பேசலாம், என்று கட்டிப் போட்டேன். லிங்க் ஆடுவது அந்த நிமிடமே நின்றது. ஒரு மணி நேரத்தில் ஐயா கூப்பிட்டார்.

"தம்பி, இப்ப போகலை. ஆனா வரவும் இல்லை."

எடை வந்தது, படம் வரவில்லை. பிங் அழகாகப் போனது. கொஞ்சம் பெரிய ஃபைல் என்றால் சோறு விக்கியது போல நின்றது. போர்ட்டின் கவுன்ட்டரைப் பார்த்தால் சிஆர்சி பிழை, அதாவது சிதைந்து வந்த டேட்டாவின் எண்ணிக்கை, ஏறிக்கொண்டே இருக்கிறது.

இது பழைய பாடம், தெரிந்தேதான் விழுந்தேன். சாதாரணமாக இரு முனையும் தாமே பேசி வேகத்தை ஒத்துக்கொள்ளும், அதுதான் ஆட்டோ. ஒரு பக்கத்தைக் கட்டினால் அந்தப் பக்கம் பேச்சுவார்த்தையை நிறுத்திவிடும். மறுபக்கம் இன்னும் ஆட்டோவில் காத்திருக்கும். எதிராளி பேசவில்லை என்றால், வரும் சிக்னலைப் பார்த்து 100 என்று வேகத்தைக் கண்டுபிடித்துவிடும்; டூப்ளக்ஸைக் கண்டுபிடிக்க வழியில்லை. அப்படித் தெரியாத இடத்தில் ஹாஃப் என்று எடுத்துக்கொள் என்பது தரநிலையின் விதி. ஆக இங்கே ஃபுல், அங்கே ஹாஃப். இவர் எப்போது வேண்டுமானாலும் பேசுவார். அவர் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம் என்று நினைப்பவர். தான் பேசும்போது எதிரிலிருந்து சத்தம் வந்தால் மோதல் என்று பாதியில் நிறுத்திவிடுவார். அந்தப் பாதி ஃபிரேம்தான் (டேட்டாப் பொட்டலம்) இந்தப் பக்கம் சிஆர்சி பிழையாகக் கணக்கில் ஏறுகிறது. ஒற்றை பிங்கில் மோத ஆள் இல்லை, அதனால் பிங் சுத்தம். எடைமேடைப் பக்கம் இருந்தது அமைப்பு எதுவும் மாற்ற முடியாத சின்ன ஸ்விட்ச். அதையும் சேர்த்துக் கட்ட வழி இல்லை.

கட்டை அவிழ்த்தேன். ஆட்டோவிலேயே விட்டு, 'எனக்கு 100 மட்டும்தான் தெரியும்' என்று அறிவிக்கும்படி அமைத்தேன். இது வேறு, கட்டுவது வேறு. பேச்சுவார்த்தை நடக்கும், இரு பக்கமும் 100 ஃபுல் என்று ஒத்துக்கொள்ளும். சனிக்கிழமை முழுக்க மில் ஓடியது, இரண்டு மின்வெட்டு வந்தது, ஒரு சீட்டுகூட நிற்கவில்லை.

முதலாளி, "போதும் விடுப்பா" என்றார். எடைமேடைக்கு 100 தாராளம் என்பது உண்மைதான். எனக்குத்தான் விட மனசில்லை. 50 சொச்சம் மீட்டர் கேபிள், வரம்பு 100 மீட்டர், ஏன் கிகாபிட்டைத் தாங்கவில்லை?

எட்டு விளக்கும் எரிந்தது

ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனோம். கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பிக்கும் ஆளுக்கொரு விளக்கு எரியும் டெஸ்டரைப் போட்டோம். ஒன்று முதல் எட்டு வரை இரு முனையிலும் வரிசையாக எரிந்தது. ஸ்விட்சுக்குள் இருக்கும் கேபிள் சோதனையை ஓட்டினோம். இரண்டிரண்டு கம்பியாக நான்கு ஜோடியும் 'ஓகே', அறுந்ததோ ஒட்டியதோ இல்லை, நீளம் 54 மீட்டர். குழாயை மில்லிலிருந்து தள்ளிப் போட வேண்டியதுதான் போலிருக்கிறது என்று நான் அளவு நாடாவை எடுத்தேன்.

உதவிப் பையன் எடைமேடை முனையின் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் கறுப்பு ரப்பர் உறையைப் பின்னால் தள்ளி, மொபைல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, கலர் ரொம்ப ஒழுங்கா இருக்கு."

வாங்கிப் பார்த்தேன். வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, பச்சை, வெள்ளை-நீலம், நீலம், வெள்ளை-பழுப்பு, பழுப்பு. கண்ணுக்கு அத்தனை லட்சணம். அலுவலக முனையிலும் அதே வரிசை.

இருக்க வேண்டியது அதுவல்ல. மூன்றாவதுக்குப் பக்கத்தில் நீலம் வர வேண்டும்: வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை. பச்சை ஜோடி 3லும் 6லும் கால் அகட்டி நிற்க, நடுவே 4, 5இல் நீல ஜோடி. ஏனென்றால் ஈதர்நெட் 3ஐயும் 6ஐயும் ஒரு ஜோடியாக எடுத்துக்கொள்ளும், 4ஐயும் 5ஐயும் இன்னொரு ஜோடியாக. இந்தக் கேபிளிலோ 3உம் 4உம் சேர்ந்து முறுக்கியவை, 5உம் 6உம் சேர்ந்து முறுக்கியவை. ஒரு வண்டி மாட்டையும் இன்னொரு வண்டி மாட்டையும் ஒரே நுகத்தில் பூட்டிய மாதிரி. இரைச்சல் ஒரு ஜோடியின் இரு கம்பியிலும் சமமாக ஏறினால்தான் மறுமுனையில் கழித்துப் போட முடியும், அதற்காகத்தான் முறுக்கே. ஜோடி மாறினால் முறுக்குக்கு அர்த்தமில்லை. வெளி இரைச்சல் ஒட்டும், பக்கத்து ஜோடியின் பேச்சும் கசியும்.

டெஸ்டருக்கு இது தெரியாது. ஒன்றில் விட்டது ஒன்றில் வருகிறதா என்று மட்டுமே அது கேட்கும். எது எதோடு முறுக்கியிருக்கிறது என்பது அதன் கேள்வியில் இல்லை. ஜோடிகளுக்கு இடையே கசிவை அளக்கும் மீட்டர்தான் இதைச் சொல்லும். அது என்னிடம் இல்லை. பிளக்கை உறையோடு பார்த்துத் திருப்திப்பட்டதும் நான்தான்.

அப்படியானால் பழைய ஸ்விட்ச் இத்தனை வருடம் எப்படி ஓட்டியது? 1995இல் வந்த 100 மெகாபிட் முறைக்கு இரண்டே ஜோடி போதும்: 1-2இல் ஒரு திசை, 3-6இல் மறு திசை. 1-2 ஒழுங்காக முறுக்கிய ஆரஞ்சு ஜோடி. 3-6 கோணல்தான், ஆனால் அதன் கம்பிகளோடு முறுக்கிக் கிடந்த 4, 5இல் பேச்சே இல்லை. 54 மீட்டருக்கு அது சமாளித்துவிட்டது. 1999இல் தரப்படுத்திய செம்புக் கம்பி கிகாபிட் நான்கு ஜோடியையும் கேட்கும். ஒவ்வொன்றிலும் ஒரே நேரத்தில் இரு திசையிலும் பேசும். அப்போது 3-6உம் 4-5உம் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கத்தத் தொடங்குகின்றன. அமைதியான நேரத்தில் ஸ்விட்சின் சிப் அந்தக் கசிவை எப்படியோ கழித்துச் சமாளிக்கிறது. மேலே நான்கு மோட்டாரின் இரைச்சலும் ஏறினால் முடியவில்லை. பழைய ஸ்விட்ச் கேபிளிடம் கிகாபிட்டை ஒரு நாளும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

கேபிளை யார் அடித்தது என்று ஐயாவிடம் கேட்டேன். ஃபேன் மாட்ட வந்த எலக்ட்ரீஷியனே இதையும் இழுத்துக் கொடுத்தாராம். "ரொம்ப சுத்தமா வேலை செய்வாப்ல," என்றார். அதை நான் மறுக்கவில்லை.

செய்ததும் மீந்ததும்

எடைமேடை முனையில் பிளக்கை வெட்டிச் சரியான வரிசையில் மறுபடி அடித்தோம். அலுவலக முனையில் சுவருக்கு வெளியே கேபிள் ஒரு சாண்கூட இல்லை. அங்கே பிளக்குக்குப் பதில் சுவர்ப் பெட்டி வைத்து அதில் கம்பிகளை இறக்கினோம். 100 என்ற வரம்பை எடுத்தோம். திங்கள் காலை 8.30க்கே போய் உட்கார்ந்தேன். 8.40க்கு மில் ஓடியது. விளக்கு 1000. நானே மூன்று தடவை எடைமேடை ஸ்விட்சைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினேன், மூன்று தடவையும் 1000. அந்த வாரம் முழுக்க போர்ட்டில் சிஆர்சி பூஜ்யம்.

எடைமேடை அறைக்கு ஒரு சின்ன யுபிஎஸ்ஸும் வாங்க வைத்தேன். அது இந்தப் பழுதுக்கு மருந்தல்ல. அது முதலிலேயே இருந்திருந்தால் நாளுக்கு ஒரு தடவைதான் ஆடியிருக்கும், நான் இன்னும் ஒரு வாரம் திணறியிருப்பேன். ஆனாலும் ஒவ்வொரு மின்வெட்டிலும் கம்ப்யூட்டர் பொத்தென்று அணைவது நல்லதில்லை.

அதே கை இழுத்த மற்ற கேபிள்களையும் உறை தள்ளிப் பார்த்தோம். 17இல் ஆறு இதே ரகம். நான்கை அன்றே சரிசெய்தோம். மீதி இரண்டும் பின் கிடங்கில், கூரை வரை அடுக்கிய உளுந்து மூட்டைகளுக்குப் பின்னால் முடிகின்றன. அந்தச் சரக்கு கப்பலேறும்வரை அங்கே கை போகாது. இரண்டு போர்ட்டையும் 100 மட்டும் அறிவிக்கும்படி வைத்து, ஸ்விட்சின் முகத்தில் டேப் ஒட்டி, ஐயாவின் நோட்டிலும் எழுதச் சொன்னேன். அவர் எழுதினார்: 'போர்ட் 7, 8. மூட்டை எடுத்த பிறகு தம்பியைக் கூப்பிட வேண்டும்.'